மடிக்கணினிக்குப் பதிலாக ஓர் ஆளைத் தாருங்கள்

கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்தார் இந்த ஆண்டும் தொலைபேசியில் கேட்டார்கள். உயர்தரம் முடித்து டிப்ளோமா படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கலாம்? பத்து மடிக்கணினி போதுமா, துவிச்சக்கரவண்டியும் சேர்க்கவா? ஓர் ஆளுக்கு மாதச் சம்பளம் தாருங்கள் என்று சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. தொலைபேசியில் விளங்கப்படுத்தி முடிக்கக்கூடிய விடயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். அவர்களுக்காகவும், பாரிஸிலும் லண்டனிலும் இருந்து யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் உள்ள வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நயினாதீவுக்கும் காசு அனுப்புகிற மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் அரச தொழிற்கல்வி நிறுவனம் ஒன்றில் நீண்ட காலம் கணக்கியல் படிப்பித்தேன். ஓய்வு பெற்ற பிறகு வேலணையில் எங்கள் சனசமூக நிலையத்தின் கல்வி நிதியைப் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகள் எப்படி வந்து சேர்கிறார்கள், எந்த மாதத்தில் காணாமல் போகிறார்கள் என்பதை வகுப்பறையிலும் பார்த்திருக்கிறேன், அவர்களின் வீட்டு வாசலிலும் பார்த்திருக்கிறேன்.

உயர்தரப் பெறுபேறு வந்ததும் ஊர் முழுவதும் பல்கலைக்கழகம் கிடைத்தவர்களைப் பற்றித்தான் கதைக்கிறது. சந்தியில் பதாகை கட்டுகிறோம், கோயிலில் அருச்சனை செய்கிறோம். செய்ய வேண்டியதுதான், அந்தப் பிள்ளைகள் உழைத்தவர்கள். ஆனால் தகுதி பெற்றும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காதவர்கள்தான் இந்த நாட்டில் பெரும்பான்மை. அவர்களில் ஒரு பகுதியினர் குருநகரில் உள்ள உயர் தொழில்நுட்பவியல் நிறுவகத்துக்கும், கொக்குவில் தொழில்நுட்பக் கல்லூரிக்கும், தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களுக்கும் போகிறார்கள். கதவுகள் இருக்கின்றன. தேசிய தொழிற் தகைமை என்ற ஏற்பாட்டில் முதல் நான்கு மட்டம் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். சாதாரண தரத்தோடு நின்ற பிள்ளையும் மின்னிணைப்பிலோ தச்சிலோ தொடங்கிப் பட்டம் வரை போகலாம் என்று சட்டமே சொல்கிறது. அதற்கென்றே இரத்மலானையில் ஒரு பல்கலைக்கழகம் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. 1945 முதல் இலவசக் கல்வி உள்ள நாடு இது. அரச நிறுவனங்களின் முழுநேரப் பாடநெறிகளில் கட்டணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

ஆகவே, காசில்லாமல் சேர முடியவில்லை என்ற கதை எங்கள் பிள்ளைகளில் அநேகருக்குப் பொருந்தாது. சேர்கிறார்கள். முடிக்காமல் நின்றுவிடுகிறார்கள். முதல் வாரத்தில் பக்கத்து அறையிலிருந்து கதிரை தூக்கிவர வேண்டியிருக்கும் வகுப்பில், இரண்டாம் ஆண்டின் நடுவில் பின்வரிசைகள் முழுவதும் வெறுமையாகக் கிடக்கும்.

ஏன் என்று கேட்டால் ஊரில் உடனே பதில் வரும்: படிப்பில் அக்கறையில்லை, கைத்தொலைபேசி, வெளிநாட்டு ஆசை. வெளிநாட்டு ஆசையை நான் மறுக்கவில்லை. 2023இல் கனடாவுக்கான வருகை விசாவுக்கு எத்தனை வீடுகளில் விண்ணப்பம் நிரப்பினார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் நான் அறிந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் வெளிநாட்டை நினைத்துப் படிப்பை விடவில்லை. ஏதோ ஒரு சின்னத் தடங்கலில் படிப்பு நின்றது, வெளிநாட்டு நினைப்பு அதற்குப் பிறகு வந்தது.

அந்தச் சின்னத் தடங்கல் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் காலை பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நயினாதீவுப் பிள்ளை முதல் படகில் வந்து அதைப் பிடிக்க வேண்டும். புங்குடுதீவுப் பிள்ளை அதில் ஏறி, வாணர் பாலம் தாண்டி, வேலணையின் வங்களாவடிச் சந்திக்கு வரும்போது பஸ்ஸில் நிற்கவும் இடமிருக்காது. மாணவருக்கான பருவச் சீட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸுக்குத்தான் செல்லும். அந்த பஸ் ஒருநாள் ஓடாவிட்டால் அடுத்து வரும் தனியார் பஸ்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டும். கையில் காசு இருந்தால் அன்றைக்கு வகுப்பு. இல்லையென்றால் பிள்ளை சந்தியில் சிறிது நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறது. நெடுந்தீவுப் பிள்ளைக்கு இதுவும் இல்லை. தினமும் கடல் கடந்து வந்துபோகும் தூரம் அது இல்லை என்பதால் நகரில் அறை எடுக்க வேண்டும். படிப்பு இலவசம், அறை இலவசம் இல்லை.

இன்னொன்று, பண்டிகைக் காலம். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும், தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் முந்திய வாரங்களும் நகரத்துக் கடைகளுக்கு ஆள் தேவைப்படும் நாட்கள். புடவைக் கடையில் நின்றால் நாட்கூலி கையில் வரும். தகப்பன் கடலுக்குப் போக முடியாத காலமாகவும் அது அமைந்துவிட்டால், வகுப்பா கடையா என்ற கேள்வியே அந்த வீட்டில் எழாது.

எனக்கு நன்றாகத் தெரிந்த பிள்ளை ஒருவர் அப்படித்தான் போனார். கணக்கில் கெட்டிக்காரர். ஐந்தொகை சமப்படாவிட்டால் பிழை எங்கே இருக்கிறது என்று கரும்பலகையைப் பார்த்தே சொல்லிவிடுவார். தீபாவளிக்கு முன் கடைக்குப் போனார், தாய்க்குச் சுகமில்லாமல் வந்ததால் தீபாவளி முடிந்த பிறகும் சில வாரம் நின்றார். பரீட்சை எழுதுவதற்கு நூற்றுக்கு எண்பது வகுப்பு வரவு வேண்டும் என்பது விதி. அனுமதி அட்டை வாங்கப் போன அன்றுதான், தன் வரவு அதற்குக் கீழே விழுந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியவந்தது. தவறிய பாடங்கள் அடுத்த ஆண்டு அதே பருவத்தில்தான் திரும்ப வரும். கூடப் படித்தவர்கள் அதற்குள் மேலே போய்விடுவார்கள். அவர் திரும்பி வரவில்லை. இப்போதும் கடையில்தான் நிற்கிறார், போனால் எழுந்து கதிரை தருகிறார்.

அந்தப் பிள்ளை வராத ஒவ்வொரு நாளும் வரவுப் பதிவேட்டில் சிவப்பு மையில் குறிக்கப்பட்டிருந்தது. எல்லாத் தகவலும் அந்தக் கட்டிடத்துக்குள்ளேயே இருந்தது. இரண்டாம் வாரத்தில் அதைப் பார்த்து, “தம்பி, இன்னும் ஐந்து நாள் தவறினால் பரீட்சை போய்விடும், என்ன நடக்கிறது?” என்று கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கவில்லை. விரிவுரையாளர்கள் வெற்றிடங்களையும் சேர்த்துப் படிப்பிக்கிறார்கள், அலுவலகத்தார் பதிவும் பரீட்சையும் பார்க்கிறார்கள். கேட்பது என்பது யாருடைய கடமைப் பட்டியலிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

அமெரிக்காவில் இதே சிக்கலோடு மிக நீண்ட காலமாகப் போராடி வருகிறார்கள் என்பதைப் பிறகு வாசித்து அறிந்தேன். அங்கே சமுதாயக் கல்லூரி என்று ஒன்று உண்டு. முதலாவது 1901இல் இல்லினோய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கியது. இரண்டாண்டுப் படிப்பு, கட்டணம் குறைவு, யாரும் சேரலாம். ஏழை வீட்டுப் பிள்ளைகளும் வேலை செய்துகொண்டே படிக்கிறவர்களும் குடிபெயர்ந்து வந்தவர்களும் அங்கேதான் போகிறார்கள். அங்கேயும் சேருவோர் அதிகம், முடிப்போர் குறைவு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதையே ஆராயும் நிலையத்தார் ஒரு காரணத்தை அழுத்திச் சொன்னார்கள். உணவுச்சாலையில் தட்டோடு நடந்து விரும்பியதைப் பொறுக்குவதுபோலப் பாடங்களைப் பொறுக்க விட்டுவிடுகிறார்கள், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளை எதைப் பொறுக்குவது என்று தெரியாமல் தேவையற்றதைப் படித்துக் காலத்தையும் காசையும் இழக்கிறது என்றார்கள். எந்தத் துறை, அதற்கு எந்தப் பாடங்கள், எந்தப் பருவத்தில் எது, முடிவில் என்ன வேலை அல்லது எந்தப் பட்டப்படிப்பு என்பதை முதல் நாளே ஒழுங்காக எழுதிக் கொடுங்கள் என்பது அவர்கள் சொன்ன வழி.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தொடங்கிய திட்டம். ஏசாப் என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். சேரும் பிள்ளை முழுநேரமாகப் படிக்க வேண்டும். ஆங்கிலத்திலோ கணிதத்திலோ பின்தங்கியிருந்தால் அந்த அடிப்படை வகுப்பைத் தள்ளிப்போடாமல் ஆரம்பத்திலேயே முடிக்க ஊக்குவிப்பார்கள். உதவிப்பணம் போக மிஞ்சும் கட்டணத்தைத் திட்டமே ஏற்றுக்கொள்ளும். புத்தகம் கிடைக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஆலோசகர் உண்டு, அவரை அடிக்கடி சந்திக்க வேண்டும். அந்தக் கல்லூரிகளில் சாதாரணமாக ஓர் ஆலோசகருக்கு அறுநூறு பேரிலிருந்து ஆயிரத்தைந்நூறு பேர் வரை இருந்தார்கள். இத்திட்டத்தில் அறுபதிலிருந்து எண்பது பேர்தான். மாதாந்தம் பஸ்ஸுக்கும் சுரங்க ரயிலுக்குமான பயண அட்டையும் இலவசம், ஆனால் திட்டத்தின் சந்திப்புகளுக்குத் தவறாமல் போனால்தான் அது கிடைக்கும்.

இந்தக் கடைசி விடயத்தை வாசித்துவிட்டு நான் வங்களாவடிச் சந்தியை நினைத்தேன். பயணச் செலவையும் விசாரிப்பையும் ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். பிள்ளை அட்டைக்காக வருகிறது, வந்த இடத்தில் யாரோ ஒருவர் அதன் முகத்தைப் பார்க்கிறார்.

இத்திட்டத்தை எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் அளந்து பார்த்தது. 2010இல் மூன்று கல்லூரிகளில், வருமானம் குறைந்த, அடிப்படைப் பாடங்களில் பின்தங்கிய 896 மாணவர்களை எடுத்துக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு இந்த உதவி, மற்றப் பகுதிக்கு வழமையான கல்லூரி. மூன்று ஆண்டு முடிவில், உதவி பெறாதவர்களில் நூற்றுக்கு 22 பேர் பட்டம் பெற்றிருந்தார்கள். உதவி பெற்றவர்களில் 40 பேர். ஓகையோ மாநிலத்தில் மூன்று கல்லூரிகள் இதைப் பின்பற்றியபோது நூற்றுக்கு 19 பேர் 35 பேரானார்கள். அங்கே எல்லாரும் பொதுப் போக்குவரத்தில் போவதில்லை என்பதால் பயண அட்டைக்குப் பதிலாகக் கடையில் பொருள் வாங்கும் அட்டையை மாதந்தோறும் கொடுத்தார்கள். நியூயோர்க்கில் ஒரு மாணவருக்கு மூன்று ஆண்டில் ஏறத்தாழ 16,300 டொலர் மேலதிகமாகச் செலவாகியது. அப்படியிருந்தும், பட்டம் பெற்றவர்களின் தொகையால் பிரித்துப் பார்த்தபோது ஒரு பட்டத்துக்கான செலவு குறைந்தது. முடிக்காமல் போகும் பிள்ளைக்கும் செலவு ஆகிறதுதானே.

அந்தக் குலுக்கலைக் கவனியுங்கள். “படிக்கிற பிள்ளை எப்படியும் படிக்கும்” என்று எங்கள் ஊரில் சொல்கிறார்களே, அதற்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பிள்ளைகள். ஒரு பக்கத்தார் கெட்டிக்காரர், மறுபக்கத்தார் சோம்பேறிகள் என்று சொல்ல வழியில்லை. ஒழுங்கான வழியும், பயணக் காசும், கேட்க ஓர் ஆளும் கிடைத்த பக்கத்தில் முடித்தவர்களின் தொகை ஏறத்தாழ இருமடங்கானது.

நியூயோர்க்கின் பணம் எங்களிடம் இல்லை. ஆனால் சனசமூக நிலையத்தில் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் இருக்கின்றன. கடந்த சேர்க்கையில் சேர்ந்த எங்கள் பகுதிப் பிள்ளைகளில் விரும்பியவர்களை வைத்துத் தொடங்கினோம். கல்வி நிதியிலிருந்து வழமையாக ஒரே தடவையில் கொடுக்கும் உதவித்தொகையை மாதங்களாகப் பிரித்தோம். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிள்ளை நேரில் வந்து அரைமணி நேரம் கதைத்துவிட்டு அடுத்த மாதப் பயணக் காசை வாங்கிப் போக வேண்டும். பேச்சுக்கு நடுவில் ஒரு தாள் இருக்கும்.

அந்தத் தாளைச் சற்று விளக்குகிறேன், ஏனென்றால் மடிக்கணினியைவிட அதுதான் பயன்பட்டது. நீளமான கணக்குத் தாள். மேலே பிள்ளையின் பாடநெறி, கீழே பருவம் பருவமாகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தப் பருவத்துப் பாடங்கள், ஒப்படைகளை ஒப்படைக்கும் திகதி, பரீட்சை விண்ணப்பத்தின் கடைசித் திகதி, பருவச் சீட்டைப் புதுப்பிக்கும் நாள். வலது ஓரத்தில் ஒரு சிறிய நிரல், அதில் மாதாமாதம் வரவு வீதத்தைப் பென்சிலால் எழுதுவோம். எண்பத்தைந்துக்குக் கீழே போனால் வட்டம் போட்டுவிட்டுக் காரணம் கேட்போம். தாளின் அடியில், இந்த டிப்ளோமாவுக்குப் பிறகு எங்கே என்று பிள்ளை தன் கையெழுத்தில் எழுத வேண்டும். புங்குடுதீவுப் பிள்ளை ஒருத்தி அந்த இடத்தை முதல் மூன்று சந்திப்பிலும் வெறுமையாக விட்டாள். நான்காவது முறை “கட்டிட அளவையியலாளர்” என்று எழுதிவிட்டு, “மிஸ், அதற்கு மேலே என்ன படிக்க வேண்டும் என்பதையும் இதிலேயே எழுதலாமா?” என்று கேட்டாள். கேட்பதற்கு இடம் இருந்ததால் கேட்டாள்.

அந்த அரைமணியில் வெளிவருவது பெரும்பாலும் பாடத்தைப் பற்றியதாக இருக்காது. அண்ணன் மோட்டார் சைக்கிளில் விழுந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறான், அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவிப் பட்டியலில் பெயர் விடுபட்டிருக்கிறது, மூக்குக்கண்ணாடி உடைந்து கரும்பலகை தெரியவில்லை. கண்ணாடி உடைந்த பிள்ளை அதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பல வாரமாகப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தது. புதுக் கண்ணாடி வாங்கக் கல்வி நிதியில் காசு எப்போதும் இருந்தது, உடைந்த செய்திதான் எங்களுக்கு வராமல் இருந்தது.

ஆங்கிலம் தனிக்கதை. உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு உயர் தேசிய டிப்ளோமாவில் எல்லாம் ஆங்கிலம். கணக்கியல் தெரிந்த பிள்ளை வினாவை வாசித்து விளங்காமல் விடையைக் கோட்டைவிடுகிறது. இரண்டாம் ஆண்டில் சமாளிக்கலாம் என்று நினைத்துத் தள்ளிப்போடுவார்கள். நியூயோர்க்கில் செய்ததுபோல இதை ஆரம்பத்திலேயே எடுத்தால்தான் சரி. பெறுபேறு வந்து பாடநெறி தொடங்கும் வரை பல மாதங்கள் வெறுமையாகப் போகின்றன. அந்த மாதங்களில், எந்தத் துறைக்குப் போகிறார்களோ அந்தத் துறையின் பழைய வினாத்தாள்களையே வைத்து ஆங்கிலம் படிப்பிக்க வேண்டும். இலக்கணப் புத்தகத்தை முதலிலிருந்து தொடங்கினால் பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்கு வரமாட்டார்கள்.

எல்லாவற்றையும் தாண்டி வந்தவர்களையும் கடைசியில் மடக்குவது தொழிற்களப் பயிற்சி. பல டிப்ளோமாக்களில் முடிவில் சில மாதங்கள் ஒரு நிறுவனத்தில் பயிற்சி பெற்று அறிக்கை கொடுத்தால்தான் படிப்பு முடியும். யாழ்ப்பாணத்தில் அத்தனை பேரை எடுக்கக்கூடிய நிறுவனங்கள் இல்லை. கொழும்புக்குப் போ என்கிறார்கள். பயிற்சிக் கொடுப்பனவு அறை வாடகைக்கே காணாது. பெண் பிள்ளையென்றால் தாய் தகப்பன் யோசிக்கிறார்கள், யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஓர் ஆண்டு போய்விடுகிறது. எல்லாப் பரீட்சையும் சித்தியடைந்து, பயிற்சி ஒன்று மட்டும் இல்லாததால் சான்றிதழ் கிடைக்காத பிள்ளைகள் தீவுப்பகுதியில் இருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபமே வருகிறது. இவ்வளவு தூரம் வந்த பிள்ளையைக் கடைசி வாசலில் விடக்கூடாது.

இப்போது சங்கத்தாருக்கு. ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பை நானும் நிலையத்தின் செயலாளர் தம்பியும் சேர்ந்து நடத்துகிறோம். இன்னும் சிலரைச் சேர்க்கலாம், அதற்கு மேல் எங்களால் முடியாது. தீவுப்பகுதி முழுவதற்கும் முழுநேரமாக ஒருவர் வேண்டும். டிப்ளோமா ஒன்றைத் தானே முடித்து வேலை இல்லாமல் இருக்கும் எங்கள் பிள்ளைகளில் ஒருவரை எடுக்கலாம். அந்த வழியைப் பற்றி அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அவர் நிறுவனங்களுக்குப் போய் அனுமதியோடு வரவைக் கேட்டு வருவார், வராத பிள்ளையின் வீட்டுக்குப் போவார், விண்ணப்பத் திகதிகளை நினைவூட்டுவார், பயிற்சி இடம் தேடுவார். ஐம்பது அறுபது பிள்ளைகளை ஒருவர் பார்க்கலாம். நீங்கள் சொன்ன பத்து மடிக்கணினியின் விலைக்கு அவருடைய சம்பளத்தை இரண்டு ஆண்டுக்கு மேல் கொடுக்கலாம்.

மேடையில் கையளிக்க ஒன்றும் இருக்காது என்பது உங்களுக்குக் குறையாகத் தெரியலாம். நீங்கள் உழைத்து அனுப்பும் காசு எங்கே போனது என்று பார்க்க விரும்புவது நியாயம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு அனுப்புவோம்: எத்தனை பேர் தொடங்கினார்கள், எத்தனை பேர் பரீட்சைக்குத் தகுதி பெற்றார்கள், எத்தனை பேர் இடையில் நின்றார்கள், என்ன காரணம், நின்றவர்களில் எத்தனை பேரைத் திரும்பக் கூட்டி வந்தோம். பிள்ளைகளின் பெயரும் படமும் அதில் இருக்காது. உதவி வாங்குகிறோம் என்பது ஊருக்குத் தெரியக்கூடாது என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

காசு அனுப்ப வசதியில்லாதவர்களிடம் வேறு இரண்டு உதவி கேட்கிறேன். யாழ்ப்பாணத்தில் கணக்காய்வு அலுவலகமோ, கட்டிட ஒப்பந்த வேலையோ, கணினி நிறுவனமோ வைத்திருப்பவர்கள் ஒரு பிள்ளையைப் பயிற்சிக்கு எடுங்கள். தேநீர் வாங்கவும் வங்கிக்கு ஓடவும் மட்டும் வைத்திருக்காமல், கோப்பைத் திறந்து வேலையைக் காட்டிக் கொடுங்கள். வெள்ளவத்தையிலோ தெகிவளையிலோ வீடு வைத்திருப்பவர்கள், பயிற்சிக் காலத்துக்கு ஓர் அறையைக் குறைந்த வாடகைக்குத் தர முடியுமா என்று பாருங்கள், முதலில் பெண் பிள்ளைகளுக்கு. இந்த ஆண்டு பயிற்சிக்குப் போக வேண்டியவர்களின் பட்டியல் தயாராக இருக்கிறது. சனசமூக நிலையம் தினமும் மாலையில் திறந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் நான் இருப்பேன்.